கொல்லையில் நெருப்பு

போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தீர்களே, தீயணைப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நீங்கள் எட்டுப் பேரும் கேட்டது ஒரே கதையைத்தான். கரியாலூர் பக்கம் அருவியில் வழுக்கி விழுந்தவர்களைக் கயிறு கட்டி மேலே தூக்கிய கதை. அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், செல்போனில் படமும் இருக்கிறது. அதில் நான் செய்த தப்பு என்று எதுவும் இல்லை. தப்பு இல்லாத கதையைக் கேட்டு நீங்கள் என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்? அதனால் நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன்.

கிட்டத்தட்ட ஒரு ஆளை நான் கொன்றிருப்பேன். தண்ணீர் போதாமல் இல்லை, வண்டி பழுதாகியும் இல்லை. ஒரு வார்த்தையால்.

அது நடந்த தீயணைப்பு நிலையத்தின் பெயர் வேண்டாம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலைய அலுவலராகப் பதவி உயர்வு கிடைத்து அங்கே போனேன். சொந்த ஊர் எனக்கு மாயவரத்துக்குப் பக்கம். அதுவரை பார்த்த வேலையெல்லாம் அந்தப் பக்கம்தான். கூரை வீடு, வைக்கோல் போர், ஆற்றில் முழுகியவர்கள் என்று பதினெட்டு வருஷம் ஓட்டியாகிவிட்டது. இனிமேல் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு நல்ல கோபமும் உண்டு. எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்டால் எனக்குப் பிடிக்காது, ஒரு தடவைக்கு மேல் சொல்லவும் பிடிக்காது.

போய்ச் சேர்ந்த முதல் வாரம். ஏழுமலை என்று ஒரு தீயணைப்பு வீரர், சங்கராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ சிற்றூர். ஆள் ஒல்லி, ஓட ஆரம்பித்தால் நிற்கமாட்டான். காலையில் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றான்.

"சார், நாளைக்கு ஒரு நாள் லீவு வேணுங்க. கொல்லைக்குப் போவணும்."

எங்கள் ஊரில் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்பக்கம். கிணறு, வாழை, முருங்கை, அப்புறம் அந்தக் காலத்துக் கழிப்பறை. கொல்லைக்குப் போகிறேன் என்று ஒருவன் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. புது அதிகாரியை ஆழம் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

"கொல்லைக்குப் போக ஒரு நாள் லீவாய்யா? வயிறு சரியில்லையா? பின்னாடிதான் இருக்கு, போய்ட்டு வா."

"இல்லீங்க சார், எங்க கொல்லைக்கு..."

"எங்க கொல்லை, உங்க கொல்லை எல்லாம் எனக்கு வேணாம். போய்யா வேலையைப் பாரு."

அவன் போய்விட்டான். வெளியே வண்டியின் டயரில் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஏழுமலையைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நான் நினைத்தேன். யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை. அதிகாரி அப்படிப் பேசினால் யார் விளக்குவார்கள்?

அந்த ஓட்டுநரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக்காரர், ஓய்வு பெற இரண்டு மூன்று வருஷம் பாக்கி இருந்தது. பேச்சு கம்மி. வண்டி எடுத்தால் சுற்றுப்பட்டுக் கிராமத்தில் எந்தத் தெருவில் நம் வண்டி நுழையும், எங்கே நுழைந்தால் திரும்ப முடியாது, எந்த மதகுப் பாலம் பாரம் தாங்காது என்பதெல்லாம் அவர் மனசுக்குள் இருக்கும். எனக்கு அதுவும் அப்போது தெரியாது. வண்டி ஓட்டுகிறவர் என்று மட்டும்தான் தெரியும்.

பிறகு ஒன்றரை மாதம் கழித்து, பங்குனி மாதம், மதியம் இரண்டு மணி இருக்கும். வாட்ச் ரூமில் போன் எடுக்கிற பையன் சாப்பிடப் போயிருந்தான். நானே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது, எடுத்தேன். ஒரு பெண் குரல். பக்கத்தில் நாலைந்து பேர் கத்துகிற சத்தமும் சேர்ந்து கேட்டது.

"சார், கொல்லையில நெருப்பு புடிச்சிக்கிச்சி சார். எங்க வூட்டுக்காரரு உள்ள இருக்காரு. அவருக்குக் காது சுத்தமா கேக்காது சார். எம்மாம் கூப்ட்டாலும் கேக்காது சார்."

"ஊர் எதும்மா?"

ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"வீடு எங்க இருக்கு?"

"வூடா? வூடு மாரியம்மன் கோயில் தெருவுல சார். பச்ச கேட்டு. சார், அவரு..."

"வந்துக்கிட்டே இருக்கோம், வைம்மா."

வைத்துவிட்டேன். கேட்டது எல்லாம் வீடு எங்கே என்றுதான். அவரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். ஆபீசர் விலாசம் எழுதிக்கொள்கிறார் என்று நினைத்திருப்பார், பாவம். அந்தப் பழைய போனில் கூப்பிட்டவர் எண் தெரியாது. எண்ணையும் கேட்கவில்லை. மணியை அடித்தேன், ஒரு நிமிஷத்துக்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட்டது. அதில் மட்டும் நாங்கள் சுத்தம்.

ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொன்னேன். "வீட்டுத் தீ. மாரியம்மன் கோயில் தெரு. கொல்லைப் பக்கம் பிடிச்சிருக்கு. ஆள் உள்ள மாட்டியிருக்காரு, காது கேக்காதவரு."

"கொல்லைப் பக்கம்னு சொல்லிச்சா சார், கொல்லையிலன்னு சொல்லிச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதான்யா, ஓட்டு."

அவர் ஓட்டினார். ஆனால் முகம் சரியாக இல்லை. வெளியே பார்த்தேன். கரும்பு வெட்டு முடிகிற சமயம். வெட்டின இடத்தில் காய்ந்த கரும்புத் தோகையை, சோகை என்பார்கள், கொளுத்திக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கம் ஒரு புகை, இடப்பக்கம் இரண்டு புகை, தூரத்தில் மலையடியில் ஒன்று. எந்தப் புகையையும் நம்பிப் போக முடியாத நாள்.

ஏரிக்கரை முக்கூட்டு வந்தது. நேரே போனால் ஊர், வலது பக்கம் திரும்பினால் ஏரிக்கரை மேலே மண் பாதை. ஓட்டுநர் முக்கூட்டில் வண்டியை நிறுத்தினார். சைரன் அலறிக்கொண்டிருக்கிறது, வண்டி நிற்கிறது. உள்ளே ஒரு ஆள் எரிகிறாரோ என்னவோ, என் ஓட்டுநர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நல்ல வார்த்தை ஒன்றும் நான் அப்போது சொல்லவில்லை, அதை இங்கே எழுத முடியாது.

அவர் அமைதியாகச் சொன்னார். "சார், நாளைக்கு எனக்கு மெமோ குடுங்க, வாங்கிக்கறேன். அந்தம்மா வாயால இன்னா வந்துச்சோ, அத அப்படியே ஒரு வாட்டி சொல்லுங்க."

"கொல்லையில நெருப்பு, வீட்டுக்காரரு உள்ள இருக்காருன்னு சொல்லிச்சு. போதுமா?"

"கொல்லைன்னா இன்னா சார்?"

"வீட்டுக்குப் பின்னாடிய்யா."

"உங்க ஊர்ல அப்படிங்களா. எங்க பக்கம் கொல்லைன்னா நெலம் சார். கரும்பு, மஞ்சள், மரவள்ளி போடறோமே, அது. அந்தம்மா கரும்புக் கொல்லைய சொல்லிக்கினு இருக்குது. வூட்டுல நெருப்பு புடிச்சிருந்தா இந்நேரம் தெருவே போன் போட்டிருக்கும் சார். நமக்கு வந்தது ஒரே ஒரு போனு."

ஏழுமலை லீவு கேட்டது, நான் சொன்ன பதில், டயர் பக்கத்தில் இவர் சிரித்தது எல்லாம் அந்த ஒரு நொடியில் வரிசையாக வந்து நின்றன. பின்சீட்டில் ஏழுமலையே உட்கார்ந்திருக்கிறான். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் சொன்னது சரிதான், ஆனால் எந்தக் கொல்லை? சுற்றி மூன்று நாலு புகை. கூப்பிட்டுக் கேட்க எண் இல்லை, பெயர் இல்லை. கையில் இருப்பது பச்சை கேட் ஒன்றுதான். அது இப்போது எதற்கும் உதவாது. ஊருக்குள் போய் விசாரிக்கலாம் என்றால் அந்தத் தெருவில் நம் வண்டி நுழைந்தால் திரும்ப இடமில்லை. பின்னாலேயே எடுத்துக்கொண்டு வெளியே வரக் கால் மணி நேரம் ஆகும்.

டிவிஎஸ் 50-இல் மாட்டுக்குப் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். வண்டியைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார். ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். நானாக இருந்தால் நெருப்பு எங்கே என்று கேட்டிருப்பேன். அவரும் நாலு பக்கமும் கையைக் காட்டியிருப்பார். ஓட்டுநர் கேட்டது வேறு.

"ஏங்க, காது கேக்காதவரு கொல்லை எதுங்க?"

"அஞ்சல வூட்டுக்காரரா? ஏரி மதகத் தாண்டி மூணாவது மோட்டார் கொட்டா."

ஊரைச் சுற்றி நெருப்பு நாலு இடத்தில் இருக்கும். காது கேட்காதவர் கொல்லை ஒன்றுதான் இருக்கும். பதினெட்டு வருஷ அனுபவத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி அது. இன்றைக்கும் நினைத்தால் அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

மதகைத் தாண்டினோம். மூன்றாவது மோட்டார் கொட்டகைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டம். பின்னால் கரும்பு, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. வடக்குப் பக்கத்துக் கொல்லையில் யாரோ சோகை கொளுத்தியிருக்கிறார்கள். மலைப்பக்கமிருந்து இறங்குகிற காற்று அதைத் தூக்கி இதில் போட்டுவிட்டது. கொல்லையின் நடுப்பகுதி படபடவென்று வெடித்துக்கொண்டு எரிகிறது. காற்று வடமேற்கிலிருந்து வருவதால் புகை முழுக்க எங்கள் முகத்தில். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை.

போன் செய்த அஞ்சலை கொட்டகைக்குள் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியின் சிவப்புப் பொத்தான் மேல் விரலை வைத்தபடி நிற்கிறார், அழுத்தவில்லை. வெளியே அவருடைய கொழுந்தனார் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "நிறுத்துன்னு எத்தினி வாட்டி சொல்றது. தண்ணி நின்னா அவரே வெளிய வருவாரு. இன்னாத்துக்கு மரம் மாதிரி நின்னுக்கினு இருக்க?" கூட்டமே அதைத்தான் சொல்லியது. நிறுத்து, நிறுத்து.

கூட்டம் சொன்னதிலிருந்து விஷயம் எனக்குப் புரிந்தது. அஞ்சலையின் புருஷன் கொல்லையின் மேற்குப் பக்கத்தில் நின்று கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கிறார். பூமிக்கடியில் பைப் போட்டிருக்கிறார்கள், பைப் வாய் அந்தப் பக்கம் இருக்கிறது. காது கேட்காத மனுஷனைக் கூப்பிட ஒரே வழி தண்ணீரை நிறுத்துவது. நின்றால் என்ன ஆச்சு என்று பார்க்க மோட்டாரிடம் வருவார். அருமையான வழி. நிறுத்தச் சொல்லி உத்தரவு போட வாயைத் திறந்துவிட்டேன்.

முக்கூட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதனால்தானோ என்னவோ, உத்தரவுக்குப் பதிலாகக் கேள்வி வந்தது.

"அம்மா, நிறுத்தினா அவரு எந்தப் பக்கம் வருவாரு?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவ்வளவு நேரமாக யாரும் கேட்காத கேள்வி.

"இந்தப் பக்கந்தான் சார் வருவாரு. நடுவுல இருக்கற வரப்பு மேலயே வருவாரு, அதான் அவரு வழி. நேரா நெருப்புக்குள்ள வருவாரு சார். அதான் நான் நிறுத்தல. இவங்களுக்குச் சொன்னா புரியல."

பாருங்கள் தம்பிகளா. பத்துப் பேர் கத்துகிறார்கள், புருஷன் உள்ளே இருக்கிறான், விரல் பொத்தான்மேல் இருக்கிறது. அழுத்தாமல் நிற்கிறார். எத்தனையோ பேருக்குப் பதக்கம் குத்திப் பார்த்திருக்கிறேன். அந்த விரலுக்கு யார் குத்துவது?

"இருந்த இடத்துலயே இருந்தா?"

"சாயங்காலம் வரைக்கும் தண்ணி திருப்பிக்கினே இருப்பாரு சார். குனிஞ்ச தல நிமிர மாட்டாரு. நெருப்பு வந்து சேர்ந்தப்புறந்தான் பாப்பாரு."

"தண்ணிய வச்சே வேற எதுனா அவருக்குச் சொல்ல முடியுமா?"

அவர் ஒரு மூச்சு யோசித்தார். "ஒரு வாட்டி நிறுத்தினா சோறு வந்திருச்சின்னு அர்த்தம். விட்டு விட்டு வுட்டா மேக்கால பைப் ஒடஞ்சி ஓடைக்குத் தண்ணி போவுதுன்னு அர்த்தம். மம்முட்டிய தூக்கிக்கினு ஓடைப் பக்கம் ஓடுவாரு. மின்ன ரெண்டு வாட்டி ஒடஞ்சிருக்குது சார். ஆனா..."

"ஆனா என்ன?"

"மேக்காலயும் நெருப்பு போயிருந்தா? எனக்கு இங்கேர்ந்து தெரியல சார். நானே அவர நெருப்புல அனுப்பிட்டதா ஆயிடும்."

அதுதான் அவர் விரலைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு பக்கம் அனுப்பினால் சாவு நிச்சயம். மறுபக்கம் எப்படி என்று தெரியாது. நாங்கள் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறோம், குழாய் கொண்டு வந்திருக்கிறோம். அவருக்கு வேண்டியிருந்தது அதுவல்ல, ஒரு ஜோடிக் கண்.

நான் திரும்புவதற்குள் ஓட்டுநர் வண்டியின் கூரைமேல் ஏறியாகிவிட்டது. எல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த வயதில் எப்படி அவ்வளவு வேகமாக ஏறினார் என்று தெரியவில்லை. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மேற்கே பார்த்தபடி நிற்கிறார். முழுக்கப் புகை.

"தெரியுதா?" என்று கத்தினேன்.

"இருங்க சார்."

கீழே கொழுந்தனார் என் சட்டையைப் பிடிக்காத குறை. இன்னொரு பக்கம் எங்கள் ஆள் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், நெருப்பு என்றால் முதலில் கரண்டைப் பிடுங்க வேண்டும் என்ற பாடத்தை நினைத்துக்கொண்டு கொட்டகை ஃபியூஸில் கை வைக்கப் போனார். அவர் கையைத் தட்டிவிட்டேன். லைன் ஏரிக்கரைப் பக்கமிருந்து வருகிறது, எரிகிற இடத்துக்கு மேலே கம்பி இல்லை, அதைப் பார்த்துவிட்டுத்தான் தட்டினேன். அந்தக் கரண்டு போய்விட்டால் அஞ்சலைக்கும் அவர் புருஷனுக்கும் நடுவில் இருந்த ஒரே பேச்சும் போய்விடும்.

"தெரியுதா?"

"இருங்க சார். ஒரு வாட்டி காத்து தணியட்டும்."

எனக்கு நின்று பழக்கமில்லை. அன்றைக்கு நின்றேன். அரை நிமிஷம் இருக்கும், கூடவும் இருக்கலாம். காற்று ஒரு தடவை அடங்கியது, புகை மேலே எழும்பியது.

"மேக்க பச்சையா இருக்குது சார். ஓடை மணல் தெரியுது. நெருப்பு அந்தப் பக்கம் திரும்பல."

"நிச்சயமா?"

"கண்ணால பாத்துட்டுத்தான் சார் சொல்றேன்."

அஞ்சலையிடம் திரும்பினேன். "விட்டு விட்டு விடும்மா. இது என் உத்தரவு. என்ன ஆனாலும் நான் சொல்லித்தான் நீங்க செஞ்சீங்க. இவ்வளவு பேரும் சாட்சி."

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவு அவருடையது, கண் ஓட்டுநருடையது. எனக்கென்று மிஞ்சியிருந்தது பழியைச் சுமக்கிற தோள் மட்டும்தான். அதைக் கொடுக்காவிட்டால் அந்தப் பொத்தானை அந்த அம்மாளால் அழுத்தியிருக்க முடியாது. அதிகாரி என்று ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது அதற்குத்தான்.

அழுத்தினார். சிவப்பு, பச்சை. சிவப்பு, பச்சை. மோட்டார் முனகி முனகி நின்றது, எடுத்தது. "மோட்டார் கருகிடும்," என்றார் கொழுந்தனார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழுமலையையும் இன்னொருவரையும் தெற்கு வரப்பு வழியாகச் சுற்றி ஓடைக்கு ஓடச் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்னால் ஏழுமலை பாதி தூரம் போய்விட்டான். மற்றவர்களை வைத்துக்கொண்டு கிழக்குப் பக்கத்தையும் நடு வரப்பையும் குழாயால் அடித்தோம். ஒருவேளை அந்த மனுஷன் சைகையைத் தப்பாகப் புரிந்துகொண்டு இந்தப் பக்கமே வந்துவிட்டால் அந்த வரப்பாவது ஈரமாக இருக்க வேண்டும். குழாய் பிடித்த கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விடுங்கள்.

அந்த அம்மாள் நிறுத்தவே இல்லை. சிவப்பு, பச்சை. வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வேண்டுதல் என்று நினைத்தேன். பக்கத்தில் போனபோதுதான் கேட்டது. "போய்யா, அந்தாண்ட போய்யா, போய்யா." பதினெட்டு வருஷமாகக் காது கேட்காத மனுஷனோடு குடும்பம் நடத்துகிறவராம், அப்புறம் சொன்னார். பழக்கதோஷத்தில் வாயாலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் செல்போன் அடித்தது. ஏழுமலை. எடுத்து ஹலோ என்பதற்குள் போனுக்குள் ஒரு இடிக்குரல். காது கேட்காதவர்களுக்குத் தன் குரல் அளவு தெரியாது இல்லையா, அப்படி ஒரு குரல்.

"பைப்ப எவன்டா ஒடச்சது? எங்கடா ஒடஞ்சிருக்குது? நீங்கள்லாம் யாருடா என் கொல்லையில?"

பின்னால் ஏழுமலை மூச்சு வாங்கிக்கொண்டு, "சார், மம்முட்டிய ஓங்கிக்கினு நிக்கறாரு சார். பைப் எங்கேன்னு கேட்டு அடிக்க வராரு. நான் இன்னான்னு சொல்றது?"

போனை அப்படியே கொண்டுபோய் அஞ்சலையின் காதில் வைத்தேன். அவர் கேட்டார். விரல் பொத்தானை விட்டு இறங்கியது. அப்படியே கொட்டகைச் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார்.

"திட்டறாரு சார்," என்றார். கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டுகிறது, முகம் சிரிக்கிறது. "நல்லா திட்டறாரு."

கொழுந்தனாரே ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து உள்ளே வந்து அண்ணிக்குக் கொடுத்தார்.

கரும்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆள் பிழைத்தார், மோட்டாரும் பிழைத்தது. சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது அவர் ஓடை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். எரிந்த கொல்லையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பொண்டாட்டியைப் பார்த்தார். அந்த அம்மாள் கையால் இரண்டு தடவை காற்றில் பொத்தானை அழுத்திக் காட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

நிலையத்தில் இறங்கியதும் ஓட்டுநர் என் அறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"சார், மெமோ இன்னிக்கா, நாளைக்கா?"

கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "உள்ள வந்து உக்காருங்கண்ணே," என்றேன். அது வரைக்கும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டிருந்தேன். உட்கார்ந்தார். அவர் முன்னாலேயே பதிவேட்டை எடுத்து, தகவல் வாங்கியதில் தவறு என்னுடையது, சம்பவ இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தது ஓட்டுநர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு சார், விடுங்க," என்றார். ஆனால் எழுந்து போகும்போது அந்தப் பக்கத்தை ஒரு தடவை திரும்பப் படித்தார்.

இன்னொரு பாக்கி இருந்தது. அது நெருப்பை விடக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை வருகை எடுத்து முடித்ததும், எல்லோரும் நிற்கும்போதே ஏழுமலையைக் கூப்பிட்டேன். தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் திட்டியது எல்லோர் காதிலும் விழுந்ததல்லவா?

"ஏழுமலை, அன்னிக்குக் கொல்லைக்குப் போகணும்னு லீவு கேட்டியே. எதுக்குய்யா கேட்ட?"

அவன் தரையைப் பார்த்தான். "மழ பேஞ்சிருந்துச்சி சார். ஈரம் காயறதுக்குள்ள மல்லாட்ட புடுங்கணும். காஞ்சிடுச்சின்னா பாதி மண்ணுலயே நின்னுடும்."

"இப்ப போய்ட்டு வா. ரெண்டு நாள் எடுத்துக்க."

"அது அப்பவே முடிஞ்சிடுச்சிங்க சார். வூட்டுல அது ஒண்டியா புடுங்கிச்சி. பாதிதான் வந்துது."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். என் ஒரு அவசரப் பேச்சுக்கு இவன் பெண்டாட்டி இன்னொரு இடத்தில் தனியாகக் குனிந்து நிமிர்ந்திருக்கிறாள். மண்ணுக்குள் விட்டது போக மிச்சத்தைக் கூடையில் அள்ளியிருக்கிறாள். ஒன்றரை மாதமாக இந்தப் பையன் அதைப் பற்றி வாயைத் திறக்காமல் நான் ஏவிய வேலையெல்லாம் செய்திருக்கிறான், நேற்று நெருப்பைச் சுற்றிக்கொண்டு ஓடியுமிருக்கிறான். தப்புதான்யா, மனசுல வச்சுக்காத என்று சொன்னேன். "ஐயோ, இருக்கட்டுங்க சார்," என்றான்.

அதோடு அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய ஆளாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பேன். கேட்டேன்.

"ஏழுமலை, மல்லாட்டன்னா என்னய்யா?"

வண்டிப் பக்கமிருந்து ஓட்டுநர் அண்ணன் சிரித்தார். இந்தத் தடவை தலையைக் குனிந்துகொள்ளவில்லை, என் முகத்தைப் பார்த்தே சிரித்தார். ஏழுமலையும் சிரித்தான். அப்புறம் மொத்த நிலையமும்.

"வேர்க்கடல சார்," என்றான் ஏழுமலை. "நாளைக்கு அவிச்சி எடுத்தாரேன்."

எடுத்து வந்தான். அந்தப் பாதியிலிருந்துதான்.